முள் சிவப்பைத் தொட்டால்

இன்ஜினை ரேஸ் பண்ணினால் அதன் ஆயுசு குறையும் என்பது எங்கள் வீட்டில் யாரும் கேள்வி கேட்காத விஷயம். மாமா அம்பாசடர் ஓட்டிப் பழகியவர். நூல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சத்தியமங்கலம், கோபி, ஈரோடு என்று சுற்றிய வண்டி அது. காதை வைத்தே கியர் மாற்றுவார். "சத்தம் ஏறுறதுக்குள்ள அடுத்த கியர் போட்டுறோணும் மாப்பிள்ளை, இன்ஜினைக் கத்த விடக்கூடாது" என்பார். நான் செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்விஃப்ட் டீசல் வாங்கியபோதுதான் ஆர்பிஎம் மீட்டர் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவது) உள்ள வண்டி முதன்முதலாக எங்கள் வாசலுக்கு வந்தது. அதுவரை காதில் இருந்த பயம் அதன்பிறகு கண்ணுக்கும் வந்துவிட்டது. முள் 2,500-ஐத் தாண்டினால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் மாமா முகம் மாறும். நானும் பல காலம் அந்த எண்ணுக்குக் கீழேயே ஓட்டி வந்தேன்.

அப்புறம் ஒரு நாள் புகைச் சான்றிதழ் எடுக்கப் போனோம். பெட்ரோல் வண்டி என்றால் பெரும்பாலும் ஐடிலில் விட்டு, குழாயைச் சொருகி அளந்துவிடுவார்கள். டீசலுக்கு அப்படி இல்லை. நியூட்ரலில் நிற்கும் வண்டியில் ஆக்சிலரேட்டரைத் தரை வரை அழுத்தி, இன்ஜின் தன் உச்ச வேகத்துக்குப் போய் நிற்கும்வரை பிடித்து, விட்டு, மறுபடி அழுத்த வேண்டும். இப்படிப் பல தடவை. அந்த நேரத்தில் சைலன்சரிலிருந்து வரும் புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்று ஸ்மோக் மீட்டர் அளக்கும். பிஎஸ் 4 (பாரத் ஸ்டேஜ் என்ற புகை விதிகளின் நான்காம் கட்டம்) டீசலுக்கு 50 ஹார்ட்ரிட்ஜ் அலகுக்குள் இருக்க வேண்டும், அதற்கு முந்தைய வண்டிகளுக்கு 65. மோட்டார் வாகன விதிகளிலேயே உள்ள சோதனை முறை இது. சோதனை மையத்துப் பையன் ஏறி உட்கார்ந்து ஒரே அழுத்தாக அழுத்தினான். முள் விருட்டென்று, உச்ச எல்லையைக் காட்டும் சிவப்புக் கோட்டுக்குப் போய், அங்கே முட்டி, நடுங்கி, இறங்கியது. பானெட் அதிர்ந்தது. இரண்டாவது தடவை அழுத்தும்போதே மாமா கதவைத் திறந்துவிட்டார். "என்ன தம்பி, இன்ஜினைக் கொல்றியா?" என்று அவர் கத்த, "சட்டமே இதுதானுங்க" என்று அவன் சொல்ல, அங்கே ஒரு சின்னக் கூட்டமே சேர்ந்துவிட்டது.

சான்றிதழ் கிடைத்தது. ஆனால் கேள்வி என்னை விடவில்லை. அரசாங்கமே ஒரு சோதனையாக எல்லா டீசல் வண்டிகளையும் உச்சத்துக்கு முறுக்கச் சொல்கிறது. கோடிக்கணக்கான வண்டிகள் இதைத் தாண்டித்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்படியானால் மாமாவின் பயம் வெறும் பழக்கமா? இல்லை, ஒவ்வொரு சோதனையிலும் கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ கொஞ்சம் தேய்ந்து போகிறதா?

உள்ளே என்ன நடக்கிறது

பிஸ்டன் மேலே போகிறது, நிற்கிறது, கீழே வருகிறது. அந்த "நிற்கிறது" என்ற இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. வேகமாக வரும் உலோகத் துண்டு ஒன்றை நிறுத்தி, திசை திருப்பி, மறுபடி இழுக்க வேண்டும். அந்த இழுப்பு முழுவதையும், பிஸ்டனை அடியில் சுற்றும் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடும் அதன் அடியில் உள்ள இரண்டு போல்ட்டுகளும் தாங்குகின்றன. ஆர்பிஎம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும். எங்கள் ஸ்விஃப்டில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் மல்டிஜெட். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம், 82 மில்லிமீட்டர். 5,000 ஆர்பிஎம்மில் பிஸ்டன் உச்சியில் திரும்பும்போது அதன்மேல் விழும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 1,400 மடங்கு வருகிறது. பிஸ்டனும் பின்னும் சேர்ந்து அரைக் கிலோ என்று வைத்துக்கொண்டால், ராடை 700 கிலோ எடை பிடித்து இழுப்பது போன்ற விசை. இது ஒரு விநாடியில் எண்பதுக்கும் மேற்பட்ட தடவை.

படிக்கும்போது மாமா சொன்னதுதான் சரி என்று தோன்றும். எனக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது அப்படித்தான் தோன்றியது. ஆனால் கணக்கின் மறுபாதியையும் போட வேண்டும். எங்கள் வண்டியில் உள்ளது போன்ற காமன் ரெயில் டீசலில் எரிபொருள் வெடிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் 150 பார் வரை போகும். 69.6 மில்லிமீட்டர் அகலமுள்ள பிஸ்டன் தலைமேல் அது ஐந்து டன்னுக்கும் மேற்பட்ட அமுக்கம். இந்த இன்ஜின் தன் முழு இழுவிசையான 190 நியூட்டன் மீட்டரைக் கொடுப்பது 2,000 ஆர்பிஎம்மில். அதாவது, மேட்டில் நான்காவது கியரிலேயே மிதித்துக்கொண்டு, முள் 1,500-இலிருந்து 2,000 வரை முக்கி ஏறும்போது, சத்தமே வராத அந்த "பத்திரமான" நேரத்தில், பேரிங்குகள் தாங்குவது டன் கணக்கில். நியூட்ரலில் உச்சத்தில் நின்று அலறும்போது அவை தாங்குவது அதில் ஒரு சிறு பங்கு. அதுவும் மெதுவாகச் சுற்றும்போது கிராங்க் ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே ஆயில் படலம் மெலிந்திருக்கும். வேகம் கூடினால்தான் படலம் தடிக்கும். இழுப்பும் அமுக்கமும் ஒன்றில்லை, போல்ட்டுக்கு இழுப்புதான் ஆபத்து, அதை நான் மறுக்கவில்லை. இருந்தாலும் சத்தத்தை வைத்து வேதனையை அளக்க முடியாது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

சிவப்புக் கோட்டை ஆர்பிஎம் எண்ணாக மட்டும் பார்ப்பதும் ஏமாற்றும். ஹோண்டா எஸ்2000 காரின் முதல் பதிப்பு கிட்டத்தட்ட 9,000 வரை போகும். அதன் ஸ்ட்ரோக் 84 மில்லிமீட்டர் என்பதால் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 25 மீட்டர். 2009-இல் ஃபார்முலா ஒன் இன்ஜின்களை 18,000-க்குக் கட்டுப்படுத்தினார்கள். அந்த 2.4 லிட்டர் வி8-இன் ஸ்ட்ரோக் 40 மில்லிமீட்டர்தான், ஆகவே பிஸ்டன் வேகம் 24 மீட்டர். கடையில் வாங்கி ஆபீசுக்கு ஓட்டிப் போகக்கூடிய கார், பந்தயக் காரைவிட ஒரு படி மேலே. நம் மல்டிஜெட் 5,000-இல் 14 மீட்டரைக்கூட எட்டுவதில்லை. உடைந்து போகும் எல்லைக்கும் கம்பெனி போட்ட எல்லைக்கும் நடுவே நல்ல இடைவெளி விட்டுத்தான் அந்தச் சிவப்பைப் பூசியிருக்கிறார்கள். அதைத் தொட்டதும் கம்ப்யூட்டர் டீசலை நிறுத்திவிடுகிறது, இதைத்தான் லிமிட்டர் என்பார்கள். முள் அங்கே நடுங்கியது அதனால்தான்.

மாமாவின் அம்பாசடருக்கு இதெல்லாம் கிடையாது. 1,489 சிசி பெட்ரோல் இன்ஜின், 88.9 மில்லிமீட்டர் நீள ஸ்ட்ரோக், புஷ்ராட் வைத்துத் திறக்கும் வால்வுகள், கார்புரேட்டர். எரிபொருளை நிறுத்த ஆள் இல்லை, எவ்வளவு சுற்றுகிறது என்று காட்ட முள்ளும் இல்லை. அளவுக்கு மேல் போனால் வால்வு ஸ்பிரிங் பின்தங்கும், வால்வு மூடுவதற்குள் அடுத்த வேலை வந்துவிடும். அந்த இன்ஜினுக்கு மாமாவின் காதுதான் லிமிட்டர். அவர் பயம் அவர் வண்டிக்கு முழுக்க நியாயமானது. இதை அவரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இந்த வண்டிக்கு என்னதான் ஆகாது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்குப் பதில் எனக்குப் பட்டறையில்தான் கிடைத்தது.

கணபதி பட்டறையில் இரண்டு இன்ஜின்கள்

கோவை கணபதியில் எங்கள் மெக்கானிக் அண்ணன் வேலை கொடுக்கும் ஒரு இன்ஜின் போரிங் பட்டறை இருக்கிறது. ரீபோர், ஸ்லீவ் போடுவது, கிராங்க் அரைப்பது எல்லாம் அங்கேதான். ஒருமுறை அவரோடு போனபோது மேசைமேல் இரண்டு இன்ஜின்கள் பிரிந்து கிடந்தன. ஒன்று பெட்ரோல் ஹேட்ச்பேக். பட்டறைக்காரர் ஒரு பிஸ்டனைக் கையில் எடுத்துக் கொடுத்தார். தலைப்பகுதியில் கரி படிந்த கறுப்புக்கு நடுவே, பளபளவென்று புது அலுமினியம் தெரிய, பிறை வடிவத்தில் ஒரு வெட்டு. விரலை வைத்தால் நகம் மாட்டுகிற ஆழம். வால்வு வந்து அடித்த இடம். நான்கு பிஸ்டனிலும் அதே பிறை, அதே இடத்தில். பக்கத்தில் ஒரு தட்டில் வால்வுகள். ஒன்றை எடுத்து மேசையில் உருட்டினார், வளைந்த தண்டு தத்தித் தத்தி உருண்டது.

"ரொம்ப ரேஸ் பண்ணிட்டாங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"ரேஸ் பண்ணியிருந்தா கம்ப்யூட்டரே நிறுத்தியிருக்கும் தம்பி. கணியூர் டோல்கேட் வர்றதுக்கு முன்னாடி அஞ்சுல இருந்து நாலுக்கு இழுக்கிறேன்னு ரெண்டுல போட்டுக் கிளட்ச்சை விட்டுட்டாரு. வண்டி நூறுக்கு மேல வந்துட்டிருக்கு. சக்கரமே இன்ஜினைச் சுத்திடுச்சு."

ஐந்தாவது கியரிலிருந்து இரண்டாவதற்கு விழுந்தால் இன்ஜின் ஏறக்குறைய இரண்டரை மடங்கு சுற்ற வேண்டியிருக்கும். 3,200-இல் ஓடிக்கொண்டிருந்தது ஒரு நொடியில் 8,000. லிமிட்டரால் எரிபொருளை நிறுத்த முடியும். சாலையில் உருண்டு வரும் ஆயிரம் கிலோவை அதனால் நிறுத்த முடியாது. வால்வு ஸ்பிரிங்குகள் அந்த வேகத்துக்கு மூட முடியாமல் தொங்க, பிஸ்டன் வந்து முட்டிவிட்டது. சிவப்புக் கோட்டைத் தாண்டுவதால் வரும் நிஜமான அழிவு இதுதான். ஆக்சிலரேட்டர் கால் இதைச் செய்வதில்லை, கியர் பிடித்த கை செய்கிறது.

இரண்டாவது இன்ஜின்தான் என்னை உலுக்கியது. கிலோமீட்டர் குறைவாக ஓடிய வண்டி. உரிமையாளர் ரிட்டையர்டு ஆனவர், வீடு, கோயில், மார்க்கெட் என்று ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர். சத்தம் ஏறவே விடமாட்டாராம். டாப் கியரில் நாற்பதிலேயே போவாராம். கிலோமீட்டர் ஆகவில்லையே என்று ஆயிலும் வருடக்கணக்கில் மாற்றவில்லை. ஆயில் சம்ப்பைக் கழற்றி வைத்திருந்தார்கள். அடியில் கறுப்பாக, களியாக ஒரு படிவு. ஆயில் உறிஞ்சும் குழாயின் வாயில் உள்ள வலையில் பாதிக்கு மேல் அந்தக் களி அடைத்திருந்தது. கிராங்க் பேரிங் ஓடுகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். மேல்பூச்சு சாம்பல் நிறத்தில் சீராக இருக்க வேண்டும். இவற்றில் பூச்சு தேய்ந்து, நடுவில் செம்பு நிறம் பட்டையாகத் தெரிந்தது. "இதைப் பாருங்க, இந்த வண்டி ஒரு நாள்கூட மூவாயிரத்தைப் பார்த்திருக்காது" என்றார் அவர்.

குற்றம் முழுவதும் குறைந்த ஆர்பிஎம்மின்மேல் இல்லை, பெரும்பங்கு மாற்றாத ஆயிலின்மேல். ஆனால் இரண்டும் ஒட்டிப்பிறந்தவை. இன்ஜின் நன்றாகச் சூடேறி ஓடினால்தான் எரிதலில் உண்டாகும் தண்ணீரும் ஆயிலில் கலந்த பெட்ரோலும் ஆவியாகி வெளியேறும். மூன்று கிலோமீட்டர் ஓடி நிறுத்தும் வண்டியில் அவை அப்படியே தங்கி ஆயிலைக் கெடுக்கும். பிஎஸ் 6 டீசல்களில் இது இன்னும் வெளிப்படையாகவே தெரிகிறது. ஊருக்குள்ளேயே உருட்டினால், புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப் அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். நல்ல வேகத்தில் தொடர்ந்து கொஞ்ச தூரம் ஓட்டிக் கரியை எரித்துவிடச் சொல்லி வண்டியோடு வரும் புத்தகமே சொல்கிறது.

அந்தப் பட்டறைக்குப் பந்தய இன்ஜின்களும் வருவதுண்டு. கோவைக்காரர்களுக்கு இது புதிதில்லை. எண்பதுகளின் இறுதியில் பந்தய வீரர் கரிவரதன் இங்கே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டியபோது அவற்றில் வைத்தது மாருதி 800-இன் 796 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜினைத்தான். காய்கறி வாங்கப் போகும் அதே இன்ஜின். 2005-இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியது அந்த ஃபார்முலா மாருதியை. செட்டிபாளையத்தில் கரி பெயரில் உள்ள பந்தய ஓடுபாதைக்குப் போய் நின்றால், சாதாரண இன்ஜின்கள் சிவப்பை ஒட்டியே சுற்று மேல் சுற்றாக அலறுவதைக் காதாரக் கேட்கலாம். "அதுங்க தேயாதாண்ணா?" என்றேன். "தேயும். அதனாலதான் அடிக்கடி பிரிச்சுப் பார்க்கறோம். ஆயில் சும்மா சும்மா மாத்தறோம். சூடாகாம யாரும் டிராக்ல இறக்க மாட்டாங்க. தேயறது வேற, உடையறது வேற தம்பி" என்றார். நான் எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்த பதில் அதுதான். உச்சத்தில் ஓடினால் பிஸ்டன் ரிங்கும் பேரிங்கும் கொஞ்சம் சீக்கிரம் தேயும், உண்மை. எப்போதாவது சில விநாடிகள் அங்கே போய் வரும் வீட்டு வண்டிக்கு அந்தத் தேய்மானம் கணக்கிலேயே வராது. உடைவதற்குக் காரணம் வேறு இடத்திலிருந்து வருகிறது.

முதல் பத்து நிமிடம்

அந்த வேறு இடங்களில் நம் ஊரில் மிகச் சாதாரணமாக நடப்பது, ஸ்டார்ட் செய்த கையோடு முறுக்குவது. காலையில் வண்டியை எடுத்ததும் "வார்ம் அப்" என்று சொல்லிக்கொண்டு நாலு ரேஸ் கொடுப்பவர்களை எல்லாத் தெருவிலும் பார்க்கலாம். இரவெல்லாம் நின்ற வண்டியில் ஆயில் கீழே இறங்கியிருக்கும், மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் மாதிரி தடித்தும் இருக்கும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்று வேகத்துக்குச் செய்யப்பட்டது, மெல்லிய ஆயில் படலத்தில் மிதந்து ஓடுவது. அந்தப் படலம் வந்து சேரும் முன்பே அதைச் சுழற்றுகிறோம். அலுமினிய பிஸ்டன் சூட்டில் விரியும் அளவு இரும்பு பிளாக்கைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்து, இடைவெளிகள் ஒழுங்காக அமையச் சில நிமிடங்கள் வேண்டும். இதில் இன்னொரு விஷயம், மீட்டரில் தெரிவது தண்ணீரின் சூடு. ஆயில் அதற்கும் பின்னால்தான் வரும். பிஎம்டபிள்யூ 2000-இல் கொண்டுவந்த எம்3 காரில் ஆர்பிஎம் மீட்டரைச் சுற்றிச் சிறு விளக்குகள் வைத்தார்கள். ஆயில் குளிர்ந்திருந்தால் சிவப்பின் எல்லை கீழேயே தொடங்கும். சூடாக ஆக விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து, எல்லை 8,000 வரை மேலே போகும். எனக்குத் தெரிந்து சிவப்புக் கோட்டை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய மீட்டர் வேறில்லை. உச்சம் என்பது ஒரு நிலையான எண் இல்லை என்பதை அது ஓட்டுபவருக்குக் கண்ணெதிரே காட்டிவிடுகிறது.

இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் புகைச் சோதனையைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. முறைப்படி இன்ஜின் ஆயில் போதுமான சூட்டுக்கு வந்த பிறகே முறுக்க வேண்டும். பல இடங்களில் ஆயில் சூட்டைப் பார்ப்பதே இல்லை. பக்கத்துத் தெருவிலிருந்து வந்து நிறுத்திய வண்டியையும் உடனே மிதிக்கிறார்கள். அதில் டைமிங் பெல்ட் மாற்றும் கெடு தாண்டிய பழைய வண்டியும் இருக்கும், ஆயில் குச்சியில் அளவே காட்டாத வண்டியும் இருக்கும். அப்படிப்பட்ட வண்டி அங்கே உட்கார்ந்துவிட்டால் சோதனைதான் கொன்றது என்று பேச்சு வரும். ஆகவே டீசல் வைத்திருப்பவர்கள் ஆயில் அளவைப் பார்த்துவிட்டு, இருபது நிமிடமாவது ஓட்டிச் சூடேற்றிக்கொண்டு போங்கள். புகையும் குறைவாகவே காட்டும். முறுக்கி முடித்ததும் உடனே சாவியைத் திருப்பாமல் அரை நிமிடம் ஐடிலில் விடச் சொல்லுங்கள்.

லிமிட்டரிலேயே முட்டிக்கொண்டு நிற்கும் விளையாட்டையும் நான் ஆதரிக்கவில்லை. சிக்னலில் நின்று படபடவென்று வெடிக்க விடுகிறார்களே, அது இன்ஜின் உச்சத்துக்குப் போய்வருவதில் சேராது. ஒவ்வொரு வெட்டுக்கும் கிராங்க் முறுக்கி அதிர்கிறது. ஸ்பார்க்கை நிறுத்தும் வகையில் மாற்றியமைத்த வண்டியாக இருந்தால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்குகிறது.

பயத்தின் விலை

இவ்வளவு தூரம் இதை நான் துரத்திக்கொண்டு போனதற்கு இன்ஜின்மேல் உள்ள அக்கறை மட்டும் காரணமில்லை. சத்தி ரோட்டில் மாமா லாரியை ஓவர்டேக் செய்வதைப் பல தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இன்ஜின் கத்தக்கூடாது என்பதற்காக நான்காவது கியரிலேயே ஏறுவார். வண்டி மெல்ல மெல்ல லாரியின் பின்சக்கரம், நடுச்சக்கரம், கேபின் என்று ஊர்ந்து போகும். எதிரே பஸ்ஸின் முகம் பெரிதாகிக்கொண்டே வரும். மூன்றாவதில் போட்டு மிதித்திருந்தால் பாதி நேரத்தில் முடிந்திருக்கும். நம் ஊர் இரட்டை வழிச் சாலையில் எதிர்ப்பக்கத்தில் நிற்கும் ஒவ்வொரு விநாடியும் உயிர் சம்பந்தப்பட்டது. அதை ரிங்குகளின் ஆயுசுக்காகச் செலவழிப்பது எனக்குத் தாங்கவில்லை.

2018-இல் வந்த பெட்ரோல் ஸ்விஃப்டின் 1.2 லிட்டர் இன்ஜின் தன் 83 குதிரைத்திறனைக் கொடுப்பது 6,000 ஆர்பிஎம்மில். 3,000-ஐத் தாண்டாமல் ஓட்டுபவர்களுக்கு அதில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும், தேவைப்படும் அந்த ஐந்து விநாடியிலும் மீதி கிடைப்பதில்லை. டீசலில் கதை வேறு. மல்டிஜெட்டின் 75 குதிரைத்திறன் 4,000-இலேயே வந்துவிடும், அதற்குமேல் இழுத்தால் சத்தம்தான் ஏறும். அங்கே 5,000-ஐத் தொடுவதில் ஆபத்தும் இல்லை, பயனும் இல்லை.

அக்கா மகள் இப்போது பெட்ரோல் ஸ்விஃப்டில் ஓட்டிப் பழகுகிறாள். போன மாதம் அன்னூர் தாண்டி, முன்னால் வண்டி இல்லாத ஒரு நேர்ச்சாலையில், இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, மூன்றாவது கியரில் வைத்து 5,500 வரை இழுக்கச் சொன்னேன். முதலில் 4,000-இல் காலை எடுத்துவிட்டாள். "ஏதோ உடையப் போகுதுன்னு தோணுது மாமா" என்றாள். இன்னும் இரண்டு தடவை செய்ததும் அந்தச் சத்தம் அவளுக்குப் பழகிவிட்டது. அப்புறம் அதே சாலையில் கரும்பு டிராக்டர் ஒன்று வந்தது. தூரத்தில் எதிரே யாரும் இல்லை என்று பார்த்து, நான்கிலிருந்து மூன்றுக்குக் கவனமாக இறக்கி, முழுசாக மிதித்து, முள் 5,000-ஐத் தாண்டும்போதே டிராக்டரைக் கடந்து இடதுபக்கம் வந்துவிட்டாள். அதன் பிறகுதான் நான்காவது போட்டாள்.